கை கோத்த படம்: கிங்ஸ்டன், 1978

கல்லூரி விடுதியில் என் அறைக்கு எதிர் அறையில் ஒரு அண்ணன் இருந்தார். எம்.ஏ. வரலாறு. அவர் கட்டிலுக்கு மேலே ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கும். சடைமுடி பறக்க நடுவில் பாப் மார்லி. அவருக்கு இரண்டு பக்கமும் கோட்டு போடாத இரண்டு பெரிய மனிதர்கள். அவர்கள் இருவரின் கைகளையும் தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பார் மார்லி. "பாட்டுக்காரன் ஒருத்தன் ரெண்டு எதிரிகளைச் சேத்து வச்சுட்டான் பாத்தியா தம்பி" என்பார் அண்ணன். காலி கேசட்டில் பதிவு பண்ணிய பாடல்களை இரவெல்லாம் ஓட விடுவார். ரெக்கே என்ற சொல்லையே நான் அந்த அறையில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கதையை நானும் பல வருடங்கள் மேடைகளில் சொல்லித் திரிந்தேன். இசை பிளவுகளைக் கடக்கும் என்று முடிப்பேன், கைதட்டல் கிடைக்கும். ஒருமுறை வாசிப்பு வட்டத்தில் முதலாமாண்டு படிக்கும் ஒரு தம்பி எழுந்து, "அண்ணே, அந்தக் கச்சேரிய ஏற்பாடு பண்ணது யாரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மார்லியாகத்தான் இருக்கும் என்று மழுப்பினேன். அது தவறு. அந்தத் தம்பிக்குக் கடன்பட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவர் பிரதமர் மைக்கேல் மான்லி, மக்கள் தேசியக் கட்சி. மற்றவர் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகா, ஜமைக்கா தொழிலாளர் கட்சி. இருவருக்கும் ரெக்கே புதிதல்ல. மான்லி 1972 தேர்தல் பிரச்சாரத்துக்குப் பாடகர்களை ஊர் ஊராகக் கூட்டிப் போனவர். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி தந்த கைத்தடியை மேடையில் தூக்கிக் காட்டியே ரஸ்தஃபாரி மக்களின் மனதில் இடம் பிடித்தவர். சியாகா ஒரு காலத்தில் இசைத்தட்டு நிறுவனமே நடத்தியவர். ஏழைகளின் பாட்டு எதற்கெல்லாம் பயன்படும் என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த ஏழைகள் எங்கே வாழ்ந்தார்கள்? மேற்குக் கிங்ஸ்டனில். ட்ரெஞ்ச்டவுன் போன்ற பகுதிகளில் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகள், தெருவுக்கு ஒரு குழாய். அவர்கள் தங்களைத் தாங்களே 'சஃபரர்' என்று சொல்லிக்கொண்டார்கள், துன்பப்படுகிறவர்கள். 1960களின் நடுவில் பேக் ஓ வால் என்ற குடிசைப் பகுதியை, ரஸ்தஃபாரிகள் அதிகம் வாழ்ந்த பகுதியை, புல்டோசர் விட்டு இடித்தார்கள். அந்த இடத்தில் டிவோலி கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் அப்போது அமைச்சராகவும் அந்தத் தொகுதியின் உறுப்பினராகவும் இருந்த சியாகா. வீடு கிடைத்தது கட்சிக்காரர்களுக்கு. பின்பு மான்லியின் கட்சியும் தன் பகுதிகளில் அதையே செய்தது. வீடு வேண்டுமா, வேலை வேண்டுமா, கட்சி வேண்டும். கட்சியைக் காக்கத் துப்பாக்கி வேண்டும். ஒரே வறுமையில் கிடந்தவர்கள் தெருவுக்குத் தெரு கோடு போட்டுக்கொண்டு சுட்டுக்கொண்டார்கள். ஜமைக்காவில் இந்தப் பகுதிகளைப் படை முகாமைக் குறிக்கும் 'கேரிசன்' என்ற சொல்லால்தான் இன்றும் அழைக்கிறார்கள்.

1976 டிசம்பர் 5 அன்று 'ஸ்மைல் ஜமைக்கா' என்ற இலவசக் கச்சேரி நடத்த மார்லி ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்ட பிறகு அரசு டிசம்பர் 15 தேர்தல் என்று அறிவித்தது. எல்லோருக்கும் சொந்தமான கச்சேரி ஒரே நாளில் ஆளுங்கட்சிக் கச்சேரி மாதிரி ஆகிவிட்டது. டிசம்பர் 3 இரவு மார்லியின் வீட்டுக்குள் ஆயுதங்களோடு ஆட்கள் புகுந்து சுட்டார்கள். மனைவி ரீட்டாவுக்குத் தலையில் குண்டு. மேலாளர் டான் டெய்லருக்குப் படுகாயம். மார்லிக்கு மார்பை உரசிக்கொண்டு கையில் பாய்ந்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் காயத்தோடு மேடையேறிப் பாடிவிட்டு நாட்டை விட்டுப் போனவர், ஓராண்டுக்கும் மேலாகத் திரும்பவில்லை.

தம்பி கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன்.

1978 ஜனவரி 5. கிரீன் பே என்ற இடத்தில் ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் பயிற்சித் திடல். ஆசை காட்டி அங்கே அழைத்து வரப்பட்ட இளைஞர்கள் மீது ராணுவம் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். தப்பி ஓடியவர்கள் வெளியே வந்து நடந்ததைச் சொன்னார்கள். செத்தவர்கள் ஒன்றும் தேவதூதர்கள் இல்லை என்ற பொருளில் அப்போதைய அமைச்சர் ஒருவர் பேசியது ஜமைக்காவில் இன்றும் மறக்கப்படவில்லை. நம் ஊரில் என்கவுன்டர் செய்திகளின் கடைசிப் பத்தியைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் குரல் புதிதாக இருக்காது.

கிரீன் பே ஒரு விஷயத்தைத் தெருவில் இருந்தவர்களுக்குப் புரியவைத்தது: எந்தக் கட்சிக்காகச் சுட்டாலும் தேவை முடிந்ததும் சாகப்போவது நாம்தான். அந்த மாதமே சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அறிவித்தது அரசு அல்ல, தேவாலயமும் அல்ல. தொழிலாளர் கட்சியின் பகுதியைச் சேர்ந்த கிளாடி மாசப்பும், மக்கள் தேசியக் கட்சியின் பகுதியைச் சேர்ந்த பக்கி மார்ஷலும். இருவரும் துப்பாக்கிக்காரர்கள். சிறையில் ஒன்றாக இருந்தபோது பேசத் தொடங்கியவர்கள். அவர்களைப் புனிதர்களாக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் கச்சேரி என்ற யோசனை அவர்களுடையது. மாசப் லண்டனுக்கே போய் மார்லியைச் சந்தித்துப் பேசினார். பிப்ரவரி கடைசியில் மார்லி ஊர் திரும்பினார்.

வசூலாகும் பணம் எதற்கு என்று அறிவித்தார்கள் தெரியுமா? மேற்குக் கிங்ஸ்டனுக்குக் கழிப்பறை வசதி, குடியிருப்பு. உலகம் முழுக்க 'அமைதிக் கச்சேரி' என்று கொண்டாடப்படும் நிகழ்வின் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது இதுதான். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

ஏப்ரல் 22, நேஷனல் ஸ்டேடியம். அதற்கு முந்தைய நாள்தான் ஹைலே செலாசி 1966இல் ஜமைக்காவுக்கு வந்ததன் நினைவு நாள், ரஸ்தஃபாரிகளுக்குத் திருநாள். 32,000 பேருக்கு மேல் கூடினார்கள். பதினாறு குழுக்கள். டென்னிஸ் பிரவுன், கல்ச்சர், மைட்டி டயமண்ட்ஸ், பிக் யூத் என்று அன்றைய ரெக்கேயின் பாதிப் பேர் அந்த மேடையில் இருந்தார்கள். ராஸ் மைக்கேலின் குழு நையபிங்கி மேளங்களோடு வந்தது. அடிமைக்காலச் சட்டங்கள் மேளத்தையே தடை செய்திருந்த தீவு அது. சத்தம் கேட்டால் கலகம் வரும் என்ற பயம். (பறையைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். நிறுத்திக்கொள்கிறேன்.) ஜேக்கப் மில்லர், நல்ல பருத்த உடம்பு, மேடையிலிருந்து குதித்துப் போய் ஒரு போலீஸ்காரரின் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கஞ்சா சுருட்டோடு ஆடினார். 'ஹார்ட்லேண்ட் ரெக்கே' என்ற ஆவணப்படத்தில் அந்த மேடையைப் பார்க்கலாம்.

கஞ்சா என்று நாம் சொல்லும் அதே சொல்லைத்தான் ஜமைக்காவிலும் சொல்கிறார்கள். 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள் கொண்டுபோன சொல், கொண்டுபோன செடி. 1913இல் காலனி அரசு அதைத் தடை செய்தது. அந்தச் சட்டம் யார் மேல் பாய்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. ரஸ்தஃபாரிகளைப் பொறுத்தவரை அது வழிபாட்டுப் பொருள். போலீசுக்கோ, அவர்களை எந்த நேரமும் அடிக்கவும் உள்ளே தள்ளவும் கையில் இருந்த சாக்கு. 1963இல் கோரல் கார்டன்ஸ் சம்பவத்துக்குப் பிறகு ரஸ்தஃபாரிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் சடைமுடியை வெட்டி எறிந்த நாடு அது. 2017இல்தான் ஒரு பிரதமர் அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் அன்று பீட்டர் டோஷ் செய்தது விளங்கும். டோஷ், மார்லியோடு வெய்லர்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னால் பிரிந்து போனவர். பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார். முன்வரிசையில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், சுற்றிலும் போலீஸ், ராணுவம். அமைதி அமைதி என்கிறீர்களே, அமைதி கல்லறையில்தான் கிடைக்கும். எனக்கு வேண்டியது சம உரிமையும் நீதியும் என்ற பொருளில் சொன்னார். கொலம்பஸ், டிரேக், மோர்கன் என்று பள்ளிக்கூடத்தில் வீரர்களாகச் சொல்லிக் கொடுத்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்றார். ஏழைகளைப் போலீஸ் அடிப்பதைச் சொன்னார். சட்டம் இயற்றும் இடத்தில் இருக்கும் இருவரும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டி, மேடையிலேயே கஞ்சாவைப் பற்ற வைத்தார். அந்த ஒலிப்பதிவு 2000இல் ஆல்பமாக வெளிவந்தது. பேச்சுக்கு நடுவே ஸ்லை டன்பாரும் ராபி ஷேக்ஸ்பியரும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர் பேசி முடித்ததும் பாட்டு மறுபடி கிளம்பும்.

அதற்குப் பிறகு, நள்ளிரவு தாண்டி, மார்லி. 'ஜாமிங்' பாடலின் நடுவே இரு தலைவர்களையும் மேடைக்கு அழைத்தார். வராமல் இருக்க முடியாது. முப்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். வந்தார்கள். கைகளைக் கோத்துத் தூக்கினார். அண்ணன் அறையில் இருந்த படம் அந்த நொடிதான். மீண்டும் ஒருமுறை பாருங்கள்: தலைவர்கள் இருவர் முகத்திலும் சங்கடம் தெரியும். மார்லியின் செயலை நான் சிறுமைப்படுத்தவில்லை. தன்னைச் சுட்டவர்கள் நடமாடும் ஊரில், அவர்கள் யார் என்று தெரியாத கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் அவர். ஆனால் அந்த இரவை அந்தப் படத்தோடு மட்டும் நினைவில் வைத்திருப்பது யாருக்கு வசதி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் படத்துக்கு வெளியே நடந்தது இது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பரில் டோஷைப் போலீசார் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். தலை உடைந்தது, கை எலும்பு முறிந்தது. செத்துவிட்டதுபோல் நடித்ததால்தான் பிழைத்தேன் என்று பின்னால் சொன்னார். 1979 பிப்ரவரியில் கிளாடி மாசப், கால்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு டாக்சியில் திரும்பும் வழியில் கூட இருந்த இருவரோடு சேர்த்துப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். உடம்பெல்லாம் குண்டு. பக்கி மார்ஷல் 1980இல் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுத் தேர்தல் வன்முறையில் ஜமைக்காவில் செத்தவர்கள் சுமார் 800 பேர். கை குலுக்கிய இருவரும் அதன் பிறகு மாறி மாறிப் பிரதமராக இருந்து, முதுமையில் இயற்கையாக இறந்தார்கள்.

அந்த ஆண்டில் ரெக்கே ஏறிய வேறு மேடைகளும் உண்டு. கிங்ஸ்டன் கச்சேரிக்கு எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 30 அன்று, லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிரான இசைத் திருவிழா. அதற்கு வித்திட்டவர் எரிக் கிளாப்டன்! மார்லியின் பாடலைப் பாடி 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த வெள்ளைக்கார கிட்டார் கலைஞர். அவரே 1976இல் ஒரு மேடையில் குடியேறிகளுக்கு எதிராக, ஈனக் பவலுக்கு ஆதரவாகப் பேசினார். கோபத்தில் பிறந்ததுதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்'. ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக நடந்து வந்தவர்கள் முன்னால், பர்மிங்காமின் கறுப்பின இளைஞர்களான ஸ்டீல் பல்ஸ் குழுவினர் கூ கிளக்ஸ் கிளானின் வெள்ளை முக்காட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கும்பலை எதிர்த்துப் பாடினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 23, பஞ்சாபிகள் நிறைந்த சவுத்ஹாலில் நேஷனல் ஃப்ரன்ட் கூட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது பிளேர் பீச் என்ற ஆசிரியர் போலீஸ் தாக்குதலில் செத்தார். அதே நாளில் மிஸ்டி இன் ரூட்ஸ் என்ற ரெக்கே குழுவின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கர் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகளுக்காகவும் சேர்த்து வாங்கிய அடி அது.

1980 ஏப்ரல் 17 நள்ளிரவு, ஜிம்பாப்வே விடுதலை விழா, ரூஃபாரோ மைதானம். இந்திரா காந்தி, இளவரசர் சார்லஸ் எல்லாம் உள்ளே. மார்லி சொந்தச் செலவில் கருவிகளைக் கொண்டுபோய் இறக்கியிருந்தார். விடுதலைக்காகச் சண்டை போட்ட மக்கள் வேலிக்கு வெளியே. பாட்டுச் சத்தம் கேட்டு அவர்கள் உள்ளே நுழைய முட்ட, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. பாடிக்கொண்டிருந்தவர்களே கண்ணைக் கசக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. புதிய நாடு பிறந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். மறுநாள் வெளியே நின்றவர்களுக்காக அவர் மறுபடியும் பாடினார்.

1981 மே மாதம் மார்லி புற்றுநோயில் இறந்தார். வயது 36. டோஷ் 1987 செப்டம்பரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2012இல் ஜமைக்கா அரசு டோஷுக்கு 'ஆர்டர் ஆஃப் மெரிட்' விருது தந்தது. 2015இல் சிறிய அளவு கஞ்சா வைத்திருப்பதற்கு இனிக் கைது இல்லை, அபராதம்தான் என்றும், ரஸ்தஃபாரிகள் வழிபாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்றும் சட்டத்தைத் திருத்தியது. அவர் அந்த மேடையில் நின்று கேட்டு 37 வருடங்கள் ஆகியிருந்தன.

விடுதி அண்ணனிடம் போன மாதம் போனில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பசங்க பேரு என்னன்னு சொன்ன?" என்றார். மாசப், மார்ஷல் என்று மறுபடி சொன்னேன். எழுதிக்கொண்டார் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் டோஷின் அந்த ஒலிப்பதிவைப் போடுகிறோம். பேச்சு ஜமைக்கா மக்கள் வழக்கில் இருக்கும். முதல் தடவை பாதி புரியாது. இரண்டு தடவை ஓட விடலாம் என்றிருக்கிறோம். தோழர்கள் கொஞ்சம் முன்கூட்டியே வாருங்கள்.