இரண்டாவது மாங்கனி

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. வீதியுலா வரும் பிச்சாண்டவர் முன் மக்கள் மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். அதன் பின்னணியான காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை எச்சமயத்தவராயினும் இவ்வூரார் அறிவர். வணிகனாகிய பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டிற்கு அனுப்பி வைக்கின்றான். மனைவி புனிதவதி அவற்றுள் ஒன்றைப் பசித்து வந்த அடியவருக்குப் படைத்துவிடுகின்றார். ஒரு கனியை உண்ட கணவன் மற்றதையும் கேட்க, அவர் இறைவனை வேண்டுகின்றார். கையில் ஒரு கனி வந்து சேர்கின்றது. அதை உண்டவன் உடனே ஐயுறுகின்றான். முன்னதினும் சுவை மிக்க கனிதான். ஆயினும் அவன் அனுப்பிய கனி அதுவன்று.

ஒப்படைக்கப்பட்ட பொருள் போனபின், ஈடாக வந்தது எவ்வளவு உயர்ந்ததாயினும் போனது போனதுதானா? இக்கேள்வி இன்று உலக அரசுகளுக்கிடையேயும் எழுகின்றது. நாடு விட்டு நாடு சென்று காட்சிக்கு வைக்கப்படும் சிற்பங்களும் ஓவியங்களும் இரவற் பொருள்களே. வழியில் அவை உடைந்தால், களவு போனால், ஈடு செய்பவர் யார்?

இரவல் பற்றிய சட்டம் மிகப் பழமையானது. விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம் இதைத் தெளிவாகவே வகுத்துரைக்கின்றது. அயலானிடம் இரவல் வாங்கிய கால்நடை, உரியவன் உடனில்லாதபோது காயமுற்றாலோ இறந்தாலோ, வாங்கியவன் ஈடு செய்ய வேண்டும். உரியவன் உடனிருந்தால் ஈடு செய்ய வேண்டியதில்லை. பொறுப்பு வாங்கியவனுடையது, உடனிருப்பது உரியவனுக்குக் காவல் என்னும் அவ்விரு கருத்துகளும் இன்றைய ஒப்பந்தங்களிலும் வாழ்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் கலைப்பொருள்களின் விலை ஏறஏற, காப்பீட்டுக் கட்டணமும் தாங்கவொண்ணாததாயிற்று. லியொனார்தோ தா வின்சியின் மோனலிசா ஓவியம் 1962 இறுதியில் பாரிசிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதற்கு 10 கோடி டாலர் மதிப்பிடப்பட்டது. காப்பீட்டுக் கட்டணத்தைக் காட்டிலும் உயர்ந்த காவலுக்கு ஆகும் செலவு குறைவு எனக் கண்டு, காப்பீடு செய்யாமலே அதை அனுப்பினார்கள்.

இந்நிலையில்தான் அரசே பிணை நிற்கும் முறை தோன்றியது. 1975இல் அமெரிக்கா இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஒரு கண்காட்சிக்கு 5 கோடி டாலர், எல்லாவற்றுக்கும் சேர்த்து 25 கோடி டாலர் என அன்று வரம்பு வகுக்கப்பட்டது. முதல் 15,000 டாலர் இழப்பை மட்டும் கண்காட்சி நடத்துவோரே ஏற்க வேண்டியிருந்தது. இவ்வரம்புகள் பின்னர்ப் பன்மடங்கு உயர்த்தப்பட்டன. பிரிட்டன் 1980ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டத்தின் வழி இவ்வாறே செய்தது. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்சு, 1993 சனவரி 7ஆம் நாள் தன் சட்டத்தை இயற்றியது. அன்று அங்கு 30 கோடி பிராங்குக்கு மேற்பட்ட இழப்புக்கே அரசு பொறுப்பேற்றது. அதற்குட்பட்ட பகுதிக்கு நடத்துவோர் வேறு காப்பீடு தேட வேண்டியிருந்தது.

இம்முறையில் அரசு முன்கூட்டிப் பணம் எதுவும் செலுத்துவதில்லை. இழப்பு நேர்ந்தால் தருவேன் என்று வாக்களிக்கின்றது; அவ்வளவே. அவ்வாக்கைப் பெறும் பொருட்டுக் கண்காட்சி நடத்துவோர் பல நிபந்தனைகளுக்கு உட்படுகின்றனர். ஒவ்வொரு பொருளின் மதிப்பும் முன்னரே உடன்பட்டு எழுதப்பட வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் அதன் கீறல், வெடிப்பு, தேய்மானம் அனைத்தும் படத்துடன் பதிவாக வேண்டும். சுவரின் ஆணியிலிருந்து கழற்றிய நொடி முதல் மீண்டும் அதே ஆணியில் மாட்டும் வரை பாதுகாப்பு நீடிக்க வேண்டும். உரிய அருங்காட்சியகத்தின் அலுவலர் ஒருவர் பெட்டியுடனேயே பயணம் செய்வதும் உண்டு. பணத்தைவிட இந்த நிபந்தனைகளே பொருளைக் காக்கின்றன என்று நாம் கருதுகின்றோம்.

மிக்கேலாஞ்சலோவின் பியத்தா சிற்பம் 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் சென்றதை நம்மவர் பலர் அறிவர். கப்பல் மூழ்கினாலும் மிதக்கக்கூடிய பெட்டியில் அதை வைத்து அனுப்பினார்கள். கடல் கடந்து சென்று நலமே திரும்பிய அச்சிற்பம், 1972 மே 21 அன்று, தன் வீடாகிய புனித பேதுரு பேராலயத்திலேயே ஒருவனின் சுத்தியல் அடிகளுக்கு இரையாகி, அன்னையின் இடக்கை உடைந்தது. தொலைவு மட்டுமே ஆபத்தன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் இரவல் கொடுப்போரின் அச்சம் பொய்யன்று. 1980களில் இந்திய விழாவுக்காக அமெரிக்கா சென்று வந்த பாட்னாவின் தீதார்கஞ்ச் யட்சி, கன்னத்தில் வடுவுடன் திரும்பியது. 2007இல் பாரிசின் கீமே அருங்காட்சியகம் கங்கைக் கழிமுகத்தின் கலைச் செல்வங்களைக் காட்சிக்கு வைக்க விழைந்தது. பட்டியல் சரியில்லை, காப்பீட்டு மதிப்பு குறைவு என்று வங்காளதேசத்து அறிஞர்கள் குரல் எழுப்பினர். முதல் தொகுதி பாரிசு சேர்ந்தது. இரண்டாம் தொகுதி டாக்கா விமான நிலையத்தில் நின்றிருந்தபோது, சுடுமண்ணாலான விஷ்ணு உருவங்கள் இரண்டு அந்த திசம்பரில் களவாடப்பட்டன. பின்னர்க் குப்பைமேட்டில் அவற்றின் துண்டுகள் கிடைத்தன. கண்காட்சியே கைவிடப்பட்டது. எந்த நாட்டின் கருவூலம் திறந்தாலும் அத்துண்டுகள் மீண்டும் முழு உருவாகப் போவதில்லை. இங்கே இரண்டாவது மாங்கனி என ஒன்றில்லை.

நம் காவிரிக் கழிமுகத்தின் கதையோ இதனினும் வேதனை தருவது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தின் நடராசர் திருமேனி 1950களில் செப்பனிடக் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது போலி. உண்மைத் திருமேனி அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமனைச் சென்றடைந்தது. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உரிமை இந்தியாவினுடையது என்று ஒப்புக்கொண்டு, பத்தாண்டுகள் காட்சியில் வைத்திருந்தபின், 1986இல் அதைத் திருப்பி அளித்தனர். களவில் போன பொருள் இரவற் பொருளாகப் பெயர் மாறிய பின்னரே வீடு திரும்பியது. காரைக்கால் அம்மையாரின் சோழர்காலச் செப்புத் திருமேனி ஒன்று, எலும்பும் தோலுமாய், கையில் தாளத்துடன், 1930களிலிருந்து அமெரிக்காவின் கன்சாஸ் நகர அருங்காட்சியகத்தில் அமர்ந்திருக்கின்றது. அதைக் காணக் காரைக்காலார் கடல் கடக்க வேண்டும்.

இரவலுக்கு அஞ்சும் நாம், முதலில் அஞ்ச வேண்டியது பட்டியல் இன்மைக்கே. நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம் முதலியவற்றை நடுவண் அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ அன்றி எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்பது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம். நம் பங்குக் கோயில்களின் பழைய மரச் சுரூபங்களும் வெள்ளித் திருக்கிண்ணங்களும் இச்சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடியவையே. அவற்றின் உயரம், எடை, அடையாளம், நிழற்படம் ஆகியவை எத்தனை ஆலயங்களில் எழுதி வைக்கப்பட்டுள்ளன? தேர்த் திருவிழாவுக்கு முன் வண்ணம் பூசக் கொடுத்த சுரூபமே திரும்பி வந்தது என்று உறுதி கூற நம்மிடம் என்ன சான்று உண்டு?

அமெரிக்காவும் பிரான்சும் தரும் உத்தரவாதம் ஒரு பட்டியலில் தொடங்குகின்றது. கொடுத்தது இன்னது என்று சொல்ல முடிந்தவனுக்கே, வந்தது இன்னது என்று சொல்லவும் முடியும். பரமதத்தன் இரண்டாவது கனியை வேறு என்று கண்டுகொண்டது எவ்வாறு? முதற்கனியின் சுவையை அவன் அறிந்திருந்தான். நம் முன்னோர் நம் கையில் ஒப்படைத்தவற்றை நாம் அவ்வளவு நன்றாக அறிந்திருக்கின்றோமா?