ஆட்டக் கருவிகளில் காத்திருப்பு நிலையின் வரலாறு

ஆட்டக் கருவிகளில் காத்திருப்பு நிலை என்பது, கேம் கன்சோல் எனப்படும் நிகழ்பட ஆட்டக் கருவி மின்சாரத்தோடு இணைக்கப்பட்டபடியே, முழுதாக இயங்காமலும் முழுதாக அணையாமலும் இருக்கும் நிலையாகும். திரை இருண்டிருக்கும், கருவியின் முகப்பில் ஒரு சிறு விளக்கு மட்டும் எரியும். உள்ளே இணையத் தொடர்பு, நினைவகம், கட்டுப்பாட்டுக் கருவியின் அழைப்பை எதிர்பார்க்கும் சுற்று ஆகியவை விழித்திருக்கும். ஆட்டத்தை விட்ட இடத்தில் தொடர்வதற்கும் புதுப்பிப்புகள் தாமாக வந்து சேர்வதற்கும் இந்நிலை உதவுகிறது. யாரும் விளையாடாத நேரத்திலும் மின்சாரம் செலவாவது இதன் குறை. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடந்து வருகிறது.

தொடக்க காலம்: அணைத்தால் அணைந்தது

1972 இல் அமெரிக்காவில் வெளிவந்த மேக்னவாக்ஸ் ஒடிசி, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்ட முதல் வணிக ஆட்டக் கருவியாகும். அது ஆறு மின்கலங்களில் இயங்கியது. 1977 இல் வந்த அட்டாரி 2600 கருவியின் முகப்பில் ஒரு நெம்பு சுவிட்ச் இருந்தது. அதைக் கீழே தள்ளினால் சுற்றுக்கு மின்சாரம் நின்றது. ஆட்டமும் அதோடு மறைந்தது. சுவரில் செருகிய அடாப்டர் மட்டுமே சிறிதளவு மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கிக்கொண்டிருந்தது.

ஆட்டங்கள் நீண்டபோது இந்த எளிமை ஒரு தொல்லையாக மாறியது. நின்டென்டோவின் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' 1987 இல் அமெரிக்காவில் வெளியானபோது, ஆட்டத்தின் நிலையைச் சேமிக்க அதன் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு மின்கலம் வைக்கப்பட்டிருந்தது. சேமித்தது அழியாமல் இருக்க, ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரத்தை அணைக்கும்படி ஆடுவோருக்கு அறிவுறுத்தப்பட்டது.

விளக்கு சிவப்பாக மாறியது

2000 இல் சோனி வெளியிட்ட பிளேஸ்டேசன் 2 கருவியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. பின்புறம் இருந்த முதன்மைச் சுவிட்ச் மின்சாரத்தை முழுதாகத் துண்டித்தது. முன்புறப் பொத்தானோ கருவியைச் சிவப்பு விளக்கு எரியும் காத்திருப்பு நிலைக்கு மட்டுமே கொண்டு சென்றது. 2004 இல் வந்த மெலிந்த வடிவத்தில் பின்புறச் சுவிட்ச் நீக்கப்பட்டது. அதன் பிறகு, முழுதாக அணைக்க விரும்பியவர் சுவரில் உள்ள சுவிட்சைத்தான் நாட வேண்டியிருந்தது.

2006 இல் வந்த நின்டென்டோ வீ, காத்திருப்புக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. 'வீகனெக்ட்24' என்ற சேவை, கருவி உறங்கும்போதும் இணையத்தின் வழியே செய்திகளையும் புதுப்பிப்புகளையும் பெற்றது. செய்தி வந்தால் வட்டு செருகும் இடம் நீல நிறத்தில் ஒளிர்ந்தது. இந்தச் சேவை 2013 இல் நிறுத்தப்பட்டது. ஆனால் இரவில் தானாக வேலை செய்யும் கருவி என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

அணைக்காமல் விட்டவர்கள்

காத்திருப்பு நிலையை வீண்செலவு என்று மட்டும் சொல்வது வரலாற்றின் பாதியை விட்டுவிடுவதாகும். என்.ஆர்.டி.சி. என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2008 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்காவின் ஆட்டக் கருவிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 கோடி யூனிட் மின்சாரம் செலவிடுவதாகவும், அது சான் டியேகோ நகரத்தின் ஓராண்டுப் பயன்பாட்டுக்கு நிகர் என்றும் அது மதிப்பிட்டது. இதற்கு ஒரு முக்கியக் காரணம், பலர் கருவியை அணைக்காமலே விட்டதாகும். அணைத்தால், சேமிக்காத ஆட்டம் போய்விடும். அக்காலப் பிளேஸ்டேசன் 3 இயங்கும்போது ஏறத்தாழ 150 வாட் எடுத்தது. ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் செலவு பெரிதாகக் குறையவில்லை.

இதனோடு ஒப்பிட்டால், ஆட்டத்தை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து வாட்டில் உறங்கும் கருவி ஒரு முன்னேற்றமே. 2015 மார்ச் மாதப் புதுப்பிப்பில் பிளேஸ்டேசன் 4 இந்த வசதியைப் பெற்றது.

பதினைந்து வாட் விவாதம்

2013 இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியின் 'இன்ஸ்டன்ட் ஆன்' நிலை, குரல் கட்டளையைக் கேட்டு விழித்துக்கொள்வதற்காக எப்போதும் காது கொடுத்துக் காத்திருந்தது. 2014 இல் என்.ஆர்.டி.சி. மீண்டும் அளந்து பார்த்தது. இந்நிலையில் கருவி 15 வாட்டுக்கு மேல் எடுப்பதும், அதன் ஆண்டு மின்செலவில் ஏறத்தாழப் பாதி யாரும் விளையாடாத நேரத்தில் போவதும் தெரியவந்தது.

இதன் பின்னணியில் ஒரு பன்னாட்டு முயற்சி இருந்தது. எந்தக் கருவியும் காத்திருப்பில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற கருத்தை 1999 இல் பன்னாட்டு ஆற்றல் முகமை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் இயற்றிய விதி, 2010 முதல் ஒரு வாட்டையும் 2013 முதல் அரை வாட்டையும் பொது வரம்பாக்கியது. இணையத்தோடு இணைந்தபடி காத்திருக்கும் கருவிகளுக்குத் தனி வரம்புகள் 2015 முதல் நடைமுறைக்கு வந்தன.

மைக்ரோசாப்ட் 2022 இல் புதிய எக்ஸ்பாக்ஸ் கருவிகளை ஆற்றல் சேமிப்பு நிலையில் தொடங்கும்படி அமைத்தது. அந்நிலையிலும் புதுப்பிப்புகள் வரும்படி செய்தது. 2023 தொடக்கத்தில், ஏற்கெனவே வீடுகளில் இருந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளுக்கும் இந்த மாற்றத்தை அறிவித்தது.

நன்மைகள்

கருவி உடனே விழித்துக்கொள்கிறது. பல கிகாபைட் அளவுள்ள புதுப்பிப்புகள் இரவிலேயே வந்துவிடுவதால், விளையாட உட்காரும்போது காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கிறது. யூ.எஸ்.பி. வழியே கட்டுப்பாட்டுக் கருவிக்கு மின்னேற்றம் செய்யவும் முடிகிறது.

தீமைகள்

நாள்தோறும் 2 மணி நேரம் விளையாடி, மீதி 22 மணி நேரம் 13 வாட்டில் காத்திருக்கவிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 104 யூனிட் செலவாகிறது. அரை வாட் எடுக்கும் ஆற்றல் சேமிப்பு நிலையில் இது 4 யூனிட் மட்டுமே. ஒரு வீட்டில் இது சிறு தொகை. கோடிக்கணக்கான வீடுகளில் ஒரு மின் நிலையத்தின் வேலை.

மின்வெட்டு இன்னொரு சிக்கல். நினைவகத்தில் நிறுத்திவைத்த ஆட்டம் மின்சாரம் போனால் அழிந்துவிடும். புதுப்பிப்பு எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் தரவு கெடவும் கூடும். இதனால்தான் விளக்கு செம்மஞ்சளாக இருக்கும்போது இணைப்பைப் பிடுங்க வேண்டாம் என்று பிளேஸ்டேசன் கையேடுகள் எச்சரிக்கின்றன. இடி மின்னலின்போது, இணைப்பில் இருக்கும் எந்த மின்கருவிக்கும் உள்ள ஆபத்து இதற்கும் உண்டு.

மதிப்பீடு

வசதிக்கும் செலவுக்கும் இடையிலான இந்த மோதல் தவிர்க்க முடியாததன்று. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகள் ஆட்டத்தின் நிலையைத் திடநிலைச் சேமிப்பகத்தில் எழுதிவைக்கின்றன. இதனால் முழுதாக அணைத்த பிறகும் பல ஆட்டங்களை விட்ட இடத்தில் தொடர முடிகிறது. ஒரு காலத்தில் பத்து வாட்டுக்கு மேல் கேட்ட வசதி இன்று அரை வாட்டில் கிடைக்கிறது.

பெரும்பாலோர் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த அமைப்பை மாற்றுவதில்லை. ஆகவே எவ்வளவு மின்சாரம் வீணாகும் என்பதைப் பெரும்பாலும் தொழிற்சாலையே தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தை மாற்ற, அமைப்புப் பட்டியலில் ஆற்றல் சேமிப்பைத் தேர்ந்தெடுப்பதே போதுமானது. நெடுநாள் விளையாடாதபோது, பட்டியலின் வழியே கருவியை முழுதாக அணைத்து, விளக்கு அணைந்த பின் சுவர் சுவிட்சையும் அணைப்பது நல்லது.