ஜாரா தேன்

ஜாரா தேன் என்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மட்டும் இயற்கையாக வளரும் ஜாரா மரத்தின் பூக்களிலிருந்து கிடைக்கும் தேன் ஆகும். இது அடர்ந்த பழுப்பு நிறம் கொண்டது. பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் மிகுந்த தேன் வகைகளுள் ஒன்றாக அறியப்படுகிறது. ஜாரா மரம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே நிறைவாகப் பூப்பதால் இத்தேன் அரிதாகவே கிடைக்கிறது.

மரமும் தேனீயும்

ஜாரா மரத்தின் அறிவியல் பெயர் யூக்கலிப்டஸ் மார்ஜினேட்டா. நீலகிரியில் வளர்க்கப்படும் தைல மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததே. ஜாரா என்னும் பெயர் அப்பகுதியின் பழங்குடியினரான நூங்கர் மக்களின் மொழியிலிருந்து வந்தது. நல்ல மண்ணில் இம்மரம் 40 மீட்டர் உயரம் வரை வளரும். இதன் சிவந்த, உறுதியான மரக்கட்டை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் தெருக்களுக்குத் தளமிடவும் ஏற்றுமதி செய்யப்பட்டது. தென் அரைக்கோளத்தின் வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன.

மரம் இம்மண்ணுக்கு உரியது எனினும், தேனைச் சேர்க்கும் தேனீ அவ்வாறன்று. அது 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஐரோப்பியத் தேனீ ஆகும். பூக்கும் பருவத்தில் தேனீ வளர்ப்போர் தேனீப் பெட்டிகளைச் சரக்குந்துகளில் ஏற்றிச் சென்று காட்டில் வைக்கின்றனர்.

பாக்டீரியா எதிர்ப்பு இயங்கும் முறை

எல்லாத் தேனிலும் பாக்டீரியாக்களுக்கு எதிரான இரண்டு பொதுப் பண்புகள் உள்ளன. தேனின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை என்பதால், அது நுண்ணுயிரிகளுக்குத் தேவையான நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மேலும், தேன் அமிலத்தன்மை உடையது.

மூன்றாவது பண்பு ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகும். தேனீ தன் தலையிலுள்ள சுரப்பிகளிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியத்தைப் பூந்தேனுடன் கலக்கிறது. முதிர்ந்த தேனில் இந்நொதியம் பெரும்பாலும் செயலற்று இருக்கும். தேன் நீருடன் கலந்து நீர்க்கும்போது அது செயல்படத் தொடங்கி, குளுக்கோஸிலிருந்து குளுக்கோனிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சிறிது சிறிதாக உண்டாக்குகிறது. தேனின் இந்த எதிர்ப்புப் பொருளுக்கு 1937ஆம் ஆண்டில் 'இன்ஹிபின்' எனப் பெயரிட்டனர். அது ஹைட்ரஜன் பெராக்சைடே என்பது 1960களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது.

தேனில் எஞ்சும் பெராக்சைடின் அளவு பூவுக்குப் பூ வேறுபடும். கேட்டலேஸ் என்னும் மற்றொரு நொதியம் அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைத்துவிடக் கூடும். ஜாரா தேனின் ஆற்றல் பெரும்பாலும் பெராக்சைடைச் சார்ந்தது. நியூசிலாந்தின் மனுக்கா தேன் இதிலிருந்து வேறுபட்டது. அதன் சிறப்புக்குக் காரணம் மெத்தில்கிளையாக்சால் என்னும் வேதிப்பொருள் ஆகும்.

அளவிடும் முறை

ஆய்வகத்தில் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா பரப்பப்பட்ட அகார் தட்டில் சிறு குழிகள் இட்டு, அவற்றில் நீர்த்த தேனை ஊற்றுகின்றனர். குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டத்தின் அளவு, ஃபீனால் கரைசல் உண்டாக்கும் வட்டத்துடன் ஒப்பிடப்படுகிறது. தேன் குப்பிகளில் 'டி.ஏ. 10' எனக் குறிக்கப்பட்டிருந்தால், அத்தேன் 10 விழுக்காடு ஃபீனால் கரைசலுக்கு நிகரான வட்டத்தை உண்டாக்கியது என்று பொருள். கேட்டலேஸைச் சேர்த்து மீண்டும் சோதித்தால், பெராக்சைடு சாராத ஆற்றல் எவ்வளவு என்பது தெரியவரும்.

பயன்பாடும் வரம்புகளும்

இந்த எண் ஆய்வகத் தட்டில் கிடைத்த அளவே. நோயாளிக்கான மருந்தளவு அன்று. மனித இரத்தத்திலும் திசுக்களிலும் கேட்டலேஸ் உள்ளதால், காயத்தின்மீது பெராக்சைடின் ஆற்றல் குறையக் கூடும். உண்ணும் தேனோ செரிமானப் பாதையில் மிகவும் நீர்த்துவிடுகிறது. வெப்பமும் ஒளியும் நொதியத்தைச் சிதைப்பதால் தேனைச் சூடாக்காமல் நிழலில் வைக்க வேண்டும்.

மருத்துவமனைகளில் காயங்களுக்குப் பயன்படுத்தப்படும் தேன், காமாக் கதிர்களால் நுண்ணுயிர் நீக்கப்பட்டது. உணவுக்கான தேனை அதற்கு மாற்றாகக் கொள்ளலாகாது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும் என்பதால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்தத் தேனையும் தருதல் கூடாது.

ஜாரா தேனில் குளுக்கோஸை விடப் பிரக்டோஸ் மிகுதியாக உள்ளது. இதனால் அது எளிதில் உறைந்து மணல்போல் ஆவதில்லை.

காட்டின் நிலை

தேனீப் பெட்டிகளை இடம் மாற்றலாம். ஆனால் ஜாரா காட்டுக்கு மாற்று இடம் இல்லை. ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிர் வேர்களை அழுகச் செய்து மரங்களைக் கொல்கிறது. இக்காட்டு மரங்களின் அழிவுக்கு அதுவே காரணம் என்பது 1960களில் கண்டறியப்பட்டது. வண்டிச் சக்கரங்களிலும் காலணிகளிலும் ஒட்டும் மண் வழியாக இது பரவுவதால், தேனீ வளர்ப்போரும் வாகனங்களைத் தூய்மை செய்தே காட்டுக்குள் செல்ல வேண்டும். 1960கள் முதல் பாக்சைட் சுரங்கங்களுக்காகவும் காடு அழிக்கப்பட்டு வருகிறது.

இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதை மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்துடன் நிறுத்தியது. எனினும் மழை குறைந்து வருவது தொடர்கிறது. 2010ஆம் ஆண்டின் கடும் வறட்சியையும் அதையடுத்த கோடை வெப்பத்தையும் தாங்காமல் 2011ஆம் ஆண்டில் வடக்கு ஜாரா காட்டின் பல பகுதிகளில் மரங்கள் திட்டுத்திட்டாகக் கருகின. வெப்பமும் வறட்சியும் கூடுவதால் இக்காடு நிலைகுலையும் இடர் உள்ளதாகக் காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழு 2022ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டுள்ளது.