நீருள் ஆழ்ந்த திருவெண்பாக்கம்

விடுமுறை நாள்களில் பூண்டி ஏரிக்கரையில் உலவ வருவோர் பலர். திருவள்ளூரை அடுத்து, கொசத்தலையாற்றின் குறுக்கே, சென்னையின் குடிநீர்த் தேவைக்காக 1940இல் பணி தொடங்கி 1944இல் திறக்கப்பெற்ற நீர்த்தேக்கம் இது. நீண்ட மண்கரை, மிகுநீர் வெளியேற மதகுகள். சென்னை மேயராக விளங்கி இத்திட்டத்திற்கு வித்திட்ட தீரர் சத்தியமூர்த்தி 1943இலேயே மறைந்தார். ஏரி அவர் பெயரைத் தாங்கிற்று; நீர் நிறைந்ததை அவர் காணவில்லை.

அந்நீரினடியில் ஓர் ஊர் கிடக்கிறது. பிற்காலத்தே திருவிளம்பூதூர் என வழங்கிய அது, சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம். ஒற்றியூரில் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்தமையால் கண்ணிழந்த நம்பி, தடுமாறி நடந்து இங்கு வந்து, இறைவன் உள்ளே இருக்கின்றானா என வினவினார். கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோலே. (இடக்கண் பெறக் காஞ்சிக்கும், வலக்கண் பெற ஆரூருக்கும் நடக்க வேண்டியிருந்தது!) பத்திமைப் பாடல்களுள் தோழமையின் ஊடலை இத்தனை உரிமையுடன் காட்டும் இடங்கள் மிகச் சிலவே.

தலைநகரின் தாகம் பெரிது; அணை வேண்டாவென்று எவரும் சொல்லார். ஆயினும் நான்கே ஆண்டுகளில் அணையை எழுப்பியோர்க்கு, அதனால் இடம்பெயர்ந்த கோயிலின் நினைவு அத்துணை விரைவில் எழவில்லை. பூண்டியில் புதிதாக அமைந்த ஊன்றீசர் கோயில் குடமுழுக்குக் கண்டது 1968இல்தான். இடையே இருபத்துநான்கு ஆண்டுகள்.

இன்று அங்கே ஊன்றுகோலுடன் சுந்தரர் நிற்கிறார். சினந்து அவர் எறிந்த கோல் பட்டு ஒடிந்ததென்று சொல்லப்படும் கொம்போடு நந்தியும் எதிரே இருக்கிறது.