கிளச் பிளேற்றும் பொருளாதாரத் தடையும்

1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தியாளனாகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம். அச்சுத்தாள் கிடைக்காமையால் பாடசாலைக் கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சாகிய நாட்கள் அவை. செய்தி சேகரிக்க என்னிடம் இருந்தது மாமா விட்டுச்சென்ற பழைய ஹொண்டா 125 மோட்டார் சைக்கிள். ஒருநாள் மாலை கோப்பாயிலிருந்து திரும்பும் வழியில் அதன் இயந்திரம் வழமைக்கு மாறாக அலறியது. அக்சிலேற்றரை முறுக்க முறுக்கச் சத்தம் ஏறியதே தவிர வேகம் ஏறவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஒருகாலத்தில் பேருந்துச் சாலையில் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் 'அண்ணை'தான். வண்டியை ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"தம்பி, எஞ்சின் ஓடுது, சில்லு ஓடேல்லை. நடுவில நிக்கிறவன் களைச்சுப் போனான். கிளச் பிளேற் தேஞ்சிட்டுது. புதுசு எடுக்கேலாது. சாமான் நான் தாறன், கழட்டிறது நீர்."

கலைப்பீடத்தில் படித்த எனக்கு ஸ்பனர் பிடிக்கத் தெரியாது என்றேன். "பீ.ஏ. படிச்ச கைக்கும் பிடிபடும்" என்றார். அன்று அவர் சொல்லித்தந்தவற்றில் ஒரு பகுதியைப் பின்னர் நூல்களில் தேடி வாசித்தேன்.

இயந்திரம் நின்றுவிடாமல் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். சில்லோ வேண்டியபோது நிற்க வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்க்க வந்ததே கிளச். தொடர் உற்பத்தியாக முதன்முதலில் விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள், 1894இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் உருவான ஹில்டெபிரான்ட் - வொல்ஃப்முல்லர். அதில் கிளச் கிடையாது. புகையிரத இயந்திரத்தைப் போலத் தண்டுகள் பின்சில்லை நேரடியாகச் சுழற்றின. அதன்பின் வந்த பல வண்டிகளையும் கூடவே ஓடித் தள்ளி, இயந்திரம் உயிர் பெற்றதும் பாய்ந்து ஏறித்தான் ஓட்டினார்கள். வீதியில் ஒரு மாடு குறுக்கிட்டால் இயந்திரத்தையும் நிறுத்தியாக வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லிவர்பூலில் பொறியியற் பேராசிரியராக விளங்கிய ஹென்றி செல்பி ஹீல்-ஷோ, எண்ணெயில் மூழ்கிய பல தட்டுகளை அடுக்காக வைத்து இயங்கும் கிளச்சை உருவாக்கினார். ஒரு பெரிய தட்டுச் செய்யும் வேலையைப் பல சிறிய தட்டுகள் பகிர்ந்துகொள்ளும் என்பதே அதன் அடிப்படை. இன்று நாம் ஓட்டும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருப்பது அந்த யோசனையின் வழிவந்ததுதான். இயந்திரத்தோடு சுழலும் ஒரு கூடைக்குள் உராய்வுத் தட்டுகளும், கியர்ப் பெட்டியோடு இணைந்த நடுக்குடத்தில் உருக்குத் தட்டுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிறிங்குகள் அவற்றை நெருக்கிப் பிடிக்கும். கைப்பிடியை இழுத்தால் நெருக்கம் தளரும். 1958இல் ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் வண்டியை வெளியிட்டபோது கைப்பிடியையே நீக்கி, வேகத்துக்கேற்பத் தானே இயங்கும் கிளச்சைப் பொருத்தியது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி சோபா கொண்டுசெல்லும் கடைப் பையன் மறுகையால் ஓட்ட வேண்டும் என்பதே நோக்கம். 2017இல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கிளச்சுகள் வேறொரு சோதனைக்கு உட்பட்டன. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, பசளை என்று ஒவ்வொன்றாகத் தடைக்குள் வந்தன. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுறேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெண்புகையும் அந்த நாற்றமும் அக்காலத்தவர் எவருக்கும் மறவாது.

பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சியது பிஸ்டனைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலில் கலக்கும். அந்த ஒயிலில்தான் கிளச்சும் மூழ்கியிருக்கிறது. ஒயில் நீர்த்துப் போகும். புதிய ஒயிலும் கிடையாது. அதோடு, மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் தொடக்கத்தில் திணறி நின்றுவிடும் என்பதால் கிளச்சைப் பாதி இழுத்தபடியே புறப்பட வேண்டியிருந்தது. நின்றுவிட்டால் மறுபடியும் பெற்றோல் துளிகள் செலவாகும் அல்லவா? நாங்கள் பெற்றோலைச் சேமித்தோம். தட்டுகள் அந்தச் செலவைச் சுமந்தன.

அண்ணையின் வீட்டு விறாந்தையில் சாக்கு விரித்து வேலையைத் தொடங்கினோம். ஒயிலை வடித்தோம். கிளச் கேபிளைத் தளர்த்தி, கிக்கரைக் கழற்றி, வலப்பக்க மூடியின் ஆணிகளை எடுத்தோம். அவை ஒரே நீளமானவை அல்ல. மூடியின் வடிவத்தை ஒரு மட்டையில் வரைந்து, எந்த ஆணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்திவைக்கச் சொன்னார். ஸ்பிறிங் ஆணிகளை ஒன்றையடுத்து ஒன்றாகக் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தச் சொன்னார். தட்டுகளை வெளியே எடுத்த ஒழுங்கிலேயே அடுக்கினோம். புதிதாயின் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பு இருந்திருக்க வேண்டிய உராய்வுத் தட்டுகள் மெலிந்து, கண்ணாடிபோல மினுங்கின. உருக்குத் தட்டுகளைக் கண்ணாடித் துண்டொன்றின் மேல் வைத்து நெளிவு பார்த்தோம். ஒன்று சூட்டினால் நீலம் பாரித்திருந்தது.

பழைய வண்டிகளிலிருந்து அண்ணை சேர்த்துவைத்திருந்த தட்டுகளில் நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, மினுக்கம் போக மண்கடதாசியில் தேய்த்தோம். தடிப்பு இன்னும் போதாததால் ஸ்பிறிங்குகளின் தலைப்பில் வாஷர்களை இட்டு நெருக்கத்தைக் கூட்டினார். "இது வைத்தியமில்லை, தவணை" என்றார். தேய்த்த தூசியை நான் வாயால் ஊதித் தள்ளினேன். அக்காலத்துத் தட்டுகள் பலவற்றில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது என்பதும், அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்கும் என்பதும் நான் பின்னாளில் அறிந்தவை. பழைய தட்டுகளைக் கையாள்வோர் ஊதவேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

அந்தத் தவணை இரண்டாண்டுகள் நீடித்தது. 1995 ஒக்ரோபர் 30 மாலை, வலிகாமத்தைவிட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கிகள் அறிவித்தன. நோயுற்ற முழங்கால்களோடு நடக்க இயலாத அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் ஒரே திசையில். மழையும் சேர்ந்துகொண்டது. ஓர் அடி நகர்வதும் நிற்பதுமாக, கைப்பிடியை முழுதாக விடவும் முடியாமல் முழுதாக இழுக்கவும் முடியாமல் மணிக்கணக்காக ஊர்ந்தோம். கிளச் ஒன்றை அழிப்பதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம். செம்மணி வெளியில் கருகிய வாடை எழுந்தது. இயந்திரம் அலறியது, வண்டி அசையவில்லை.

"என்னை இறக்கிவிடு தம்பி, நான் நடக்கிறன்" என்றார் அம்மா. அவரால் நடக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, அவர் மேலே இருக்க, நான் தள்ளத் தொடங்கினேன். முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் தன் சைக்கிளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினான். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது விடிந்துவிட்டது. அவனுடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. செய்தியாளனாக இருந்தும் கேட்கவில்லை என்பது இன்றுவரை உறுத்துகிறது.

2022இல் கொழும்பில், நாடே வரிசையில் நின்றபோது, அந்த விறாந்தை மீண்டும் நினைவுக்கு வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. ஜூலையில் வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல். உதிரிப்பாகங்களின் விலையைக் கேட்டு மலைத்துப்போன இளம் சக ஊழியர் ஒருவர், கிளச் வழுக்கும் தம் வண்டியோடு என் வீட்டுக்கு வந்தார். ஒருவாறு புதிய தட்டுகளை மட்டும் வாங்கி, இரவு முழுதும் எஞ்சின் ஒயிலில் ஊறவைத்து, மறுநாள் அவரையே கழற்றச் செய்தேன். மட்டையில் ஆணிகளைக் குத்துவது முதல் கண்ணாடியில் நெளிவு பார்ப்பதுவரை அண்ணையின் பாடமே. மூடியின் கஸ்கற்றைப் புதிதாக இடுவதும், மோட்டார் சைக்கிளுக்குரிய ஒயிலையே விடுவதும், கைப்பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் தளர்வு வைப்பதும் மட்டும் நான் சேர்த்தவை. தளர்வு இல்லாவிடின் கிளச் எப்போதும் பாதி இழுபட்டே இருக்கும். புதிய தட்டுகளும் விரைவில் தேயும்.

"இதெல்லாம் எங்கே ஐயா பழகினீங்கள்?" என்று கேட்டார் அவர். தடைக்காலத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பிறந்தது 1997இல்.

போர்க்கால வரலாற்றை எழுதும்போது நாங்கள் தாக்குதல்களையும் பேச்சுவார்த்தைகளையும் திகதி பிசகாமல் எழுதுகிறோம். ஒழுங்கைக்கு ஒருவராக இருந்து, ஓடாததை ஓடவைத்தவர்களை எழுதுவதில்லை. அண்ணை வன்னியில் இடம்பெயர்ந்திருந்தபோது காலமானதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அவருடைய ஆயுதப் பெட்டி எங்கே போயிற்றோ தெரியாது. அவர் கற்பித்தது என் கையில் இருந்தது; இப்போது இன்னொருவர் கையிலும் இருக்கிறது.