திருடாத திருடி: ‘கேங்ஸ்டா கிரானி’யில் துப்பறியும் கதையின் தலைகீழ் அமைப்பு

நாம் கேட்டு வளர்ந்த கதையில் பாட்டி பறிகொடுப்பவள். மரத்தடியில் வடை சுட்டு விற்கிறாள். காகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறது. பிறகு கதை முழுவதும் காகத்துக்கும் நரிக்கும் உரியதாகிவிடுகிறது. வடை போன பாட்டி என்ன ஆனாள் என்று கேட்கும் குழந்தைகள் உண்டு. பதில் சொல்லும் பெரியவர்கள் குறைவு. டேவிட் வாலியம்ஸ் எழுதி, டோனி ராஸின் ஓவியங்களோடு 2011இல் வெளிவந்த ‘கேங்ஸ்டா கிரானி’ என்ற ஆங்கிலச் சிறுவர் நாவலில் திருடுபவரே பாட்டிதான். அப்படித்தான் அவருடைய பேரன் நம்புகிறான்.

இந்நாவலைத் திருட்டுச் சாகசக் கதையாகப் படிக்கலாம். முதியோரிடம் அன்பு காட்டச் சொல்லும் நீதிக்கதையாகவும் படிக்கலாம். இரண்டு வாசிப்புகளும் நாவலின் உறுதியான பகுதியைத் தொடாமல் விடுகின்றன. துப்பறியும் கதையின் சட்டகத்தை வாலியம்ஸ் இதில் திருப்பிப் போட்டிருக்கிறார். இதில் நிகழும் உண்மையான குற்றம் ஒரு தொலைபேசிப் பேச்சு, குற்றவாளி பேரன், துப்பறிந்தவர் பாட்டி. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கதை சுருக்கமாக: பதினோரு வயது பென்னை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள் பெற்றோர். அவர்களுக்குப் பால்ரூம் நடனப் பித்து. பாட்டி வீட்டில் கிடைப்பதோ முட்டைக்கோசு சூப்பும் ஸ்கிராபிள் விளையாட்டும். சலிப்பில் வெந்துபோகும் பென், பிஸ்கட் டப்பாவைத் திறக்கும்போது உள்ளே நகைகள் மின்னுகின்றன. பாட்டி ஒரு காலத்தில் ‘கறுப்புப் பூனை’ என்ற பெயரில் உலகெங்கும் நகை திருடியவராம். இருவரும் சேர்ந்து லண்டன் கோபுரத்திலுள்ள அரச மணிமுடிகளைத் திருடத் திட்டமிடுகிறார்கள்.

நாவலின் முற்பகுதியில் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பொய்ப்பற்கள், காது கேட்கும் கருவி, சட்டைக் கைக்குள் செருகிய பழைய டிஷ்யூ காகிதம், எங்கும் முட்டைக்கோசு வாடை: முதுமையின் அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கதைசொல்லியின் குரல் பென்னின் பக்கம் சாய்ந்து நின்று சிரிக்கிறது. நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். பாட்டி சலிப்பூட்டுகிறார் என்று பென் தொலைபேசியில் பெற்றோரிடம் முறையிடும்போது அது நமக்கும் நியாயமாகவே படுகிறது. அந்தப் பேச்சு பாட்டியின் காதில் விழுந்துவிட்டது என்பது பின்னால்தான் தெரியவருகிறது. கருவி மாட்டிய காது எதைக் கேட்டுவிடப்போகிறது என்று அசட்டையாக இருந்தவன் பென் மட்டுமல்ல.

இங்கே புதிர்க்கதையின் இலக்கணம் புரள்கிறது. வழக்கமான துப்பறியும் கதை அமைதியான வீட்டில் தொடங்கி அதற்குள் ஒளிந்திருந்த குற்றத்தைக் கண்டுபிடித்து முடியும். இந்நாவலோ குற்றத்தில் தொடங்கி, குற்றமே நடக்கவில்லை என்ற விடைக்கு வருகிறது. நகைகள் காசு பெறாதவை. பாட்டி எதையும் திருடியதில்லை. பேரனின் சலிப்பைக் கேட்டறிந்து, அவன் மனம் எதற்கு இளகும் என்று ஊகித்து, அதற்கேற்ற தடயங்களை வைத்தவர் அவர். மறைவில் கேட்டல், ஊகித்தல், பொறி வைத்தல் ஆகிய துப்பறிவாளரின் தொழில் முழுவதையும் செய்தவர் பாட்டிதான். அண்டை வீட்டில் காவல்குழு நடத்தும் மிஸ்டர் பார்க்கர் வெறும் கேலிச்சித்திரம். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவரை ஆங்கிலத்தில் ‘நோசி பார்க்கர்’ என்பார்கள். பெயரே வேலையை முடித்துவிடுகிறது.

முதிய பெண்ணை யாரும் கவனிப்பதில்லை, ஆகவே அவரால் எல்லாவற்றையும் கவனிக்க முடியும். இந்த உத்தி பிரிட்டிஷ் எழுத்துக்குப் புதிதன்று. அகதா கிறிஸ்டியின் முதிய துப்பறிவாளர் மிஸ் மார்ப்பிள் 1930இல் முதல் நாவலில் தோன்றிய நாள் முதல் அதைக்கொண்டுதான் கொலைகாரர்களைப் பிடித்தார். 2013 டிசம்பர் 26 அன்று பிபிசி ஒளிபரப்பிய ‘கேங்ஸ்டா கிரானி’யின் தொலைக்காட்சி வடிவத்தில் பாட்டியாக நடித்த ஜூலியா மெக்கென்சி, அதே காலத்தில் வேறொரு தொலைக்காட்சியில் மிஸ் மார்ப்பிளாக நடித்தவர். தேர்வு செய்தவர்கள் இதை எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, பொருத்தம் கச்சிதம்.

வாலியம்ஸுக்கு நெருங்கிய முன்னோடி ரோல்ட் டால். 1981இல் வந்த ‘ஜார்ஜின் அற்புத மருந்து’ கதையில் கொடுமைக்காரப் பாட்டி சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போகிறார், வாசகரும் வருந்துவதில்லை. இரண்டே ஆண்டில் வந்த ‘தி விட்ச்சஸ்’ கதையில் சுருட்டுப் பிடிக்கும் நார்வேப் பாட்டி பேரனுக்கு உற்ற தோழராகிறார். டாலின் பாட்டிகள் முதல் பக்கத்திலிருந்தே அசாதாரணமானவர்கள். வாலியம்ஸின் பாட்டி சாதாரணமானவர். அசாதாரணம் அவர் போட்டுக்கொண்ட வேஷம். இந்த வேறுபாடு சிறியதன்று.

லண்டன் கோபுரத்துக்கு உண்மையான திருட்டு முயற்சி ஒன்றின் வரலாறும் உண்டு. 1671 மே 9 அன்று தாமஸ் பிளட் என்பவர் பாதிரியார் வேடத்தில் பழகி நம்பவைத்து, காவலர் டால்பட் எட்வர்ட்ஸை அடித்து வீழ்த்தி, மணிமுடியைச் சுத்தியலால் நசுக்கி மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு போனார். பிடிபட்ட அவரை இரண்டாம் சார்லஸ் மன்னர் மன்னித்ததோடு அயர்லாந்தில் நிலமும் கொடுத்தார். அந்த நிகழ்வில் அடிபட்ட எட்வர்ட்ஸ் எழுபதைக் கடந்த முதியவர். நாவலில் முதியவர் திருடவருகிறார். நள்ளிரவில் எதிர்ப்படும் அரசி மன்னித்து அனுப்புகிறார். அரச மன்னிப்பு என்ற, பெரியவர்களுக்கு நம்பமுடியாததாகத் தோன்றும் திருப்பத்துக்கு வரலாற்றிலேயே முன்மாதிரி இருப்பது சுவையானது.

மறுப்பு ஒன்று எழும். பேரனின் அன்பைப் பெற ஒரு மூதாட்டி திருடியாக வேஷம் போட வேண்டியிருப்பது முதுமைக்கு இழுக்கல்லவா? பாதி ஏற்கிறேன். பாட்டி புற்றுநோயால் இறக்கும் பகுதியை நாவல் கண்ணீருக்காக விரைந்து பயன்படுத்திக்கொள்கிறது. கிறிஸ்துமஸ் உரையில் இளையோருக்கு அறிவுரை சொல்லும் அரசியை, உடனே பாவாடையைத் தூக்கிக் கொடி அச்சிட்ட உள்ளாடையைக் காட்டவைத்துத்தான் வாலியம்ஸால் அந்த நீதியைச் சமாளிக்க முடிகிறது.

ஆனால் மறுப்பாளர்கள் பென்னின் ஆசையைக் கவனிப்பதில்லை. அவன் பிளம்பராக விரும்புகிறான். பிளம்பிங் வார இதழை ஒளித்து வைத்துப் படிக்கிறான். பெற்றோருக்கு அது அவமானம். மகன் நடனமாட வேண்டும் அவர்களுக்கு. கோபுரத்துக்குள் நுழையும் திட்டமோ குழாய்களை நம்பியது. பென்னின் குழாயறிவு இல்லாமல் அது ஓரடியும் நகராது. வீட்டில் இழிவாகக் கருதப்பட்ட ஓர் அறிவுக்குப் பாட்டியின் பொய்க்குள் முதன்முறையாக மதிப்புக் கிடைக்கிறது. சலிப்பூட்டும் கிழவி, சாக்கடைக் கனவுகாணும் சிறுவன் என வேண்டாதவர்களாக ஒதுக்கப்பட்ட இருவரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறார்கள். நாவலின் கனம் இங்கே இருக்கிறது, நகை டப்பாவில் இல்லை.

வாசகர்களுக்கும் சந்தைக்கும் பிடித்தது டப்பாதான். 2021இல் ஆல்டன் டவர்ஸ் பொழுதுபோக்குப் பூங்காவில் இக்கதையின் பெயரில் ஒரு சவாரி திறக்கப்பட்டது. அதே ஆண்டு நாவலின் தொடர்ச்சியும் வந்தது. பாட்டி முதல் புத்தகத்திலேயே இறந்துவிட்டார். கறுப்புப் பூனை என்ற ஒருவர் இருந்ததே இல்லை என்பதும் அதிலேயே சொல்லப்பட்டுவிட்டது. தொடர்ச்சியில் கறுப்புப் பூனையின் பெயரால் மறுபடி திருட்டுகள் நடக்கின்றன.