கழுத்தைப் பாருங்கள்

1907ஆம் ஆண்டு. கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ரெண்டம் என்றொரு சிற்றூர். அங்கே ஆல்ட் ஆற்றில் நீந்தப் போன ஒரு சிறுவன் கையில் வெண்கலத் தலை ஒன்று சிக்கியது. ரோமப் பேரரசன் கிளாடியஸின் சிலையிலிருந்து வந்த தலை என்றே நெடுங்காலம் சொன்னார்கள். நீரோவாக இருக்கலாம் என்றும் இப்போது ஒரு கருத்து உண்டு. 1965 முதல் அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

யாருடைய தலை என்பதைவிட நமக்கு முக்கியமாகப் படுவது அதன் கழுத்து. அது தானாகக் கழன்று விழுந்த தலை அல்ல. முழுச் சிலையிலிருந்து பிய்த்தெடுத்திருக்கிறார்கள்.

ஏன் இந்த ஆத்திரம்? கி.பி. 49இல் கோல்செஸ்டரில் ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களைக் குடியேற்றினார்கள். அவர்கள் மண்ணின் மக்களை வீட்டைவிட்டும் நிலத்தைவிட்டும் துரத்தினார்கள்; அடிமைகள் என்று ஏசினார்கள். கிளாடியஸுக்கு அங்கே கோயில் எழும்பியது. அதன் சடங்குச் செலவு யார் தலையில் விழுந்தது? அந்த மண்ணின் மக்கள் தலையில்தான். இதற்கிடையில் வடக்கே ஐசீனி மக்களின் அரசன் இறந்தான். ரோமர்கள் நாட்டைச் சூறையாடினார்கள். அரசி பூடிக்காவைச் சவுக்கால் அடித்தார்கள், அவருடைய மகள்களை வன்புணர்ந்தார்கள். கி.பி. 60 அல்லது 61இல் மக்கள் எழுந்தார்கள். கோல்செஸ்டர் எரிந்தது. கோயிலுக்குள் ஒளிந்தவர்கள் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சூறையில் கிடைத்த தலைதான் ஆற்றுக்குப் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் ஊகம்.

தோழர்களே, இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் டாசிடஸ். ரோமர். அவருடைய மாமனார் அக்ரிகோலா அப்போது பிரிட்டனில் இருந்த ரோமப் படையிலேயே பணியாற்றியவர். நிலப்பறிப்பை டாசிடஸ் மறைக்கவில்லை, அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் கலகக்காரர்கள் எழுதியது என்று ஒரு வரிகூட நம் கையில் இல்லை. கடைசிப் போரில் 80,000 பிரிட்டானியர்களும் சுமார் 400 ரோமர்களும் செத்தார்கள் என்பதும் வென்றவர் போட்ட கணக்குதான். பூடிக்காவின் படை கொன்றவர்களில் ரோமர்களோடு ஒத்துவாழ்ந்த உள்ளூர் மக்களும் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டு வெறும் வீரகாதையாக்க நமக்கு விருப்பமில்லை.

வேடிக்கை ஒன்று உண்டு. 1902இல் லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே, தேரில் நிற்கும் பூடிக்காவுக்குப் பெரிய வெண்கலச் சிலை வைத்தார்கள். அந்நியப் பேரரசை எதிர்த்து நின்ற பெண்ணுக்கு, நம் நாடு உட்பட இத்தனை நாடுகளை அடக்கி ஆண்ட பேரரசின் தலைநகரில் மரியாதை! பேரரசின் பெருமைக்குள் அவரை எவ்வளவு எளிதாக இழுத்துக்கொண்டார்கள் பாருங்கள்.

ரெண்டத்தில் கிடைத்த தலையின் படம் இணையத்தில் இருக்கிறது. முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். டாசிடஸின் கை படாதது அந்தக் கழுத்து ஒன்றுதான்.